அரிசி நெறைஞ்சிருக்குது

அத்தியாயம் ஒன்பது

விடியற்காலை நாலு மணிக்கு கொளஞ்சியப்பனின் செல்போனில் அலாரம் அடித்தது. அந்த நேரத்தில் அந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரே ஆள் கொளஞ்சியப்பன்தான்.

அவன் அம்மா பூமாலை அடுப்பு மூட்டி வரக்காப்பி போட்டு இறக்கியாகிவிட்டது. அப்பா அம்மாசி வாசலில் நின்று வாய் கொப்புளித்துக்கொண்டிருந்தார். கரும்பு வெட்டுகிற ஆளுக்கு மூன்று மணிக்கே கண் திறந்துவிடும். வேலைக்குப் போகாத நாளிலும் திறந்துவிடும். அதைச் சொல்லி நிறுத்த முடியாது.

இன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. கோபித்துக்கொண்டு போன மருமகளை அழைத்துவர மகனோடு மலைக்குப் போகிறார்.

அவள் ஏன் போனாள் என்பது தெருவுக்கே தெரியும். கள்ளக்குறிச்சியில் ஒரு செல்போன் கடையில் விற்பனைக்கு நிற்கிறான் கொளஞ்சி. கடை முதலாளி அவனைத் தன்னம்பிக்கை வகுப்புக்கு அனுப்பிவைத்தார். கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் நடந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசினாராம். போனவன் கொளஞ்சியாகத்தான் போனான். வந்தவன் கோட்டுப் போடாத கோட்டுக்காரனாக வந்தான்.

நாலு மணிக்கு எழுந்தால் உலகம் நம் கைக்கு வரும் என்று அப்பாவுக்குச் சொன்னான். அம்மாசி இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். காய்ப்புத்தான் இருந்தது. தான் மூன்று மணிக்கே எழுந்துவிடுவதால் உலகம் இன்னும் கிளம்பியிருக்காதோ என்று கேட்டார்.

தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொன்னான். நடவு நடுகிறவள் நாள் பூராவும் பின்பக்கமாகவே போகிறாளே, அந்த அடியைக் கூட்டுவதா கழிப்பதா என்று பூமாலை கேட்டாள். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே சந்தேகம்.

கண்ணாடி முன்னால் நின்று ‘நான் ஜெயிப்பேன்’ என்று சொல்லிக்கொள்ளச் சொன்னான் மனைவி கண்ணகிக்கு. அந்த வீட்டுக் கண்ணாடி உள்ளங்கை அகலம். ஒரு ஓரம் ரசம் போனது. அதில் ஒரு கண்ணும் மூக்கும் தெரியும். கண்ணகி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மூக்கு ஜெயித்துவிடும் போலிருக்கிறது, மிச்சத்துக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்றாள்.

அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் போனது. வினை, ‘இல்லை’ என்ற சொல்லில் வந்தது.

இல்லை இல்லை என்று சொல்லச் சொல்லத்தான் இல்லாமல் போகிறது, அந்தச் சொல்லையே வீட்டை விட்டுத் துரத்துங்கள் என்று கோட்டுக்காரர் சொல்லியிருந்தார். கொளஞ்சி அதை ஒரு அட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினான்.

அந்த வீட்டுப் பெண்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அரிசியையும் உப்பையும் மஞ்சளையும் அவர்கள் எந்தக் காலத்திலும் இல்லை என்று சொன்னதில்லை. பானை காலியானால் ‘அரிசி நெறைஞ்சிருக்குது’ என்பார்கள். விளக்கை அணை என்று சொல்ல மாட்டார்கள், குளிர வை என்பார்கள். லட்சுமியை வாயால் விரட்டக் கூடாது என்று கணக்கு. நெறைஞ்சிருக்குது என்று காதில் விழுந்தால், கேட்டவர் மறுபேச்சு இல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

கொளஞ்சியும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அது எப்போதும் அவன் அப்பாவிடம் சொல்லப்பட்ட சொல். பையை எடுத்தவர் அவர்.

போன வாரம் ஒருநாள் பெரியவர்கள் வேலைக்குப் போன பிறகு, கடைக்குக் கிளம்பினவனிடம் கண்ணகி வாசலில் நின்று, அரிசி நெறைஞ்சிருக்குது என்றாள். கொளஞ்சியின் முகம் மலர்ந்துபோனது. தான் சொன்ன பாடம் கடைசியில் பலித்துவிட்டது என்று நினைத்தான். ‘வெரிகுட்’ என்று கை தட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

சாயங்காலம் பார்த்து, கண்ணகியின் அம்மா இருசம்மாள் சின்னசேலம் பக்கத்திலிருந்து மகளைப் பார்க்க வந்துவிட்டாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொளஞ்சி கையில் பையோடுதான் வந்தான். பைக்குள் ஒரு தொட்டிச் செடி இருந்தது. அது வீட்டுக்குள் இருந்தால் மனசு பச்சையாக இருக்குமாம்.

பக்கத்து வீட்டில் அரிசி வாங்கி வடித்தார்கள். அதோடு விட்டிருந்தால் ஆறிப்போயிருக்கும். இருசம்மாள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், மனுஷன் எப்படித் தெளிவாகப் பேச வேண்டும் என்று கண்ணகிக்கு வகுப்பெடுத்தான் கொளஞ்சி.

மறுநாள் காலையில் அம்மாவும் மகளும் சேர்ந்தே பஸ் ஏறிவிட்டார்கள்.

நேற்றுத்தான் சேதி வந்தது. இருசம்மாள் கிழங்கு பிடுங்குகிற கூட்டத்தோடு கல்வராயன் மலைக்குப் போயிருக்கிறாள். கரியாலூர் பக்கம் வேலை. கண்ணகியும் அங்கேதான் இருக்கிறாள். நாளைக்கு விடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்ற வேன் வருகிறது. கண்ணகி அதற்குப் பேர் கொடுத்துவிட்டாள்.

திருப்பூருக்குப் போன பிள்ளைகள் பொங்கலுக்கு ஊருக்கு வருவார்கள். சிலது அதற்கும் வராது. ஆக, இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

பூமாலை இருவருக்கும் காப்பி கொடுத்தாள். போயிட்டு வரோம் என்றார் அம்மாசி. அப்படிச் சொல்லக் கூடாது, அழைத்துக்கொண்டு வருகிறோம் என்று நடந்து முடிந்த மாதிரி சொல்ல வேண்டும் என்றான் கொளஞ்சி. பூமாலை அவன் முகத்தைப் பார்த்தாள்.

“மொதல்ல பஸ்ஸப் புடி,” என்றாள்.

*

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இரண்டு முழம் பூவும் ஒரு பொட்டலம் காராபூந்தியும் வாங்கினார் அம்மாசி. பஸ்ஸின் நெற்றியில் வெள்ளிமலை என்று எழுதியிருந்ததை அவர் மெதுவாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். முதலில் வெ, பிறகு ள், பிறகு ளி. எழுத்துத் தெரியாத காலத்தில் ஆளைக் கேட்டு ஏறுவார். இப்போது தானே படித்து ஏறுகிறார். அதில் அவருக்கு இன்னும் ஒரு சந்தோஷம் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்.

கொளஞ்சி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான். என்ன ஜபம் என்று கேட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறதாம். கோட்டுக்காரர் பேசினதை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து மனப்பாடம் பண்ணுகிறான்.

அம்மாசி உதட்டுக்குள் சிரித்துக்கொண்டார். அது கொளஞ்சிக்குக் குத்தியது. கச்சிராயபாளையம் தாண்டும்போது அவனே ஆரம்பித்தான்.

“எல்லாரும் சிரிக்கிறீங்க. நான் இன்னா தப்பான காரியத்துக்கா போனேன்? நம்ம வூடு ஒரு படி மேல ஏறணும்னு பாக்கறேன். நீ மட்டும் இன்னாப்பா, அந்த வயசுல அறிவொளியில போயி ஒக்காந்து எழுத்து கத்துக்கினியே. அது முன்னேற்றம் இல்லியா?”

“இல்லியான்னு சொல்லிட்டியே. அட்டைக்கி இன்னா பதில் சொல்வ?”

“பேச்ச மாத்தாதப்பா.”

அம்மாசி தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவன் கேட்டதில் நியாயம் இருந்தது. கடை வாசலில் நின்று ‘வாங்க சார், வாங்க சார்’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இவனும் களைத்துத்தான் போகிறான். கோட்டுக்காரர் ஒருவர்தான் இவனை நிற்க வைத்து, உனக்குள் ஒரு ராஜா இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிள்ளை சும்மா எப்படி வருவான்.

“அறிவொளிக்கி ஒரு பொண்ணு வந்து சொல்லிக்குடுக்கும்,” என்றார். “என் கையப் புடிச்சி எழுத வெக்கும். அது என்னத் திருத்தலடா. என்னோட ‘அ’வத்தான் திருத்துச்சி.”

கொளஞ்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோமுகி அணை பின்னால் போனது. பஸ் மலை ஏற ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கொளஞ்சிக்கு முகம் வெளுத்தது. சௌகரியமான இடத்தை விட்டு மனுஷன் வெளியே வர வேண்டும் என்பது அவன் வீட்டில் அடிக்கடி சொல்கிற வாசகம். மூன்றாவது வளைவில் அவன் தலையை வெளியே நீட்டினான். காலையில் குடித்த காப்பி தன் சௌகரியமான இடத்தை விட்டு வெளியே வந்தது.

அம்மாசி அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து முகரக் கொடுத்தார். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

*

கரியாலூரில் இறங்கி, மண் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் மரவள்ளிக் காடு. லாரி ஒன்று பின்பக்கத்தைத் திறந்துபோட்டு நின்றது. கூட்டமாக ஆட்கள் செடியைப் பிடுங்கிப் போட, பெண்கள் உட்கார்ந்து கிழங்கை வெட்டி வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் லாரி நிறைந்து ஜவ்வரிசி ஆலைக்குப் போக வேண்டும்.

இருசம்மாள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். வேலையை விட்டு எழுந்து வரவில்லை. வாங்கண்ணே என்று சம்பந்தியைக் கூப்பிட்டாள். மருமகனைப் பார்த்து, நாலு மணிக்கே எழுந்துவிடுகிற ஆள் இத்தனை நேரம் கழித்து வருகிறாரே, வழியில் வேறு யாரையாவது முன்னேற்றிவிட்டு வருகிறாரோ என்று பக்கத்தில் இருந்தவளிடம் விசாரித்தாள்.

கண்ணகி தலையை நிமிர்த்தவில்லை. கை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தது. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். முழங்கை வரைக்கும் செம்மண்.

அம்மாசி பூவையும் பொட்டலத்தையும் இருசம்மாளிடம் கொடுத்துவிட்டு, ஓரமாக ஒரு குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சும்மா உட்கார அவருக்குத் தெரியாது. ஒரு கத்தியை எடுத்து அவரும் வெட்ட ஆரம்பித்தார்.

கொளஞ்சி கண்ணகிக்கு எதிரில் போய் நின்றான். தொண்டையைச் செருமினான். கூட்டத்தில் எல்லார் கையும் மெதுவானது.

“மன்னிப்புக் கேக்கறதுக்கு மூணு படி இருக்குது கண்ணகி. மொதல் படி வந்து…”

“மூணு படியா?” என்றாள் கண்ணகி. “நான் அன்னிக்கி ஒரு படிதான கேட்டேன்.”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. ஒரு பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். லாரி மேல் நின்றிருந்தவன் என்னவென்று கேட்டு, சொன்ன பிறகு அவன் தனியாக ஒரு தடவை சிரித்தான். அம்மாசி குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

கொளஞ்சியின் காது சிவந்துபோனது. இருந்தாலும் நகரவில்லை. உன்னை நல்லா ஆக்க வேண்டும் என்றுதான் அதையெல்லாம் சொன்னேன் என்றான்.

“நல்லா ஆக்கறதுக்கு நான் இன்னா ஊசிப்போன கொழம்பா?”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவள் குரல் மாறியிருந்தது. இப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அரிசிக்காக நான் வரல. யாரு வூட்ல நெறையல அரிசி. எங்கம்மா கைய எலையில வெச்சிக்கினு இருக்குது, எனக்குப் பேசத் தெரியலன்னு சொல்றீங்க. நான் பேசினது ஒங்களுக்குக் கேக்கலியோன்னு ஒரு தடவயாவது தோணுச்சா?”

கொளஞ்சி மனசுக்குள் மூன்று படியையும் ஏறி இறங்கினான். கையில் இருந்த போனைப் பார்த்தான். அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பிடுங்குகிற ஆட்களோடு போய் நின்றான். அம்மாசி போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கிழங்கு பிடுங்குவது பார்க்கிறவர்களுக்குச் சின்ன வேலை. அவன் முதல் செடியை ஒரே இழுப்பாக இழுத்தான். செடி வந்தது, கிழங்கு முறிந்து மண்ணுக்குள் நின்றுவிட்டது. பக்கத்து ஆள், இழுக்காதே, ஆட்டு என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். கொளஞ்சி ஆட்டிப் பார்த்தான். நாலைந்து செடிக்குப் பிறகு முழுசாக வர ஆரம்பித்தது. வெயில் ஏற ஏற உள்ளங்கை எரிந்தது. அவன் யாரிடமும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததைத்தான் கண்ணகி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அம்மாசி அதைப் பார்த்தார்.

*

மத்தியானம் கிழங்கையே அவித்தார்கள். பச்சை மிளகாயும் பூண்டும் வைத்துக் கல்லில் நசுக்கினாள் இருசம்மாள். டப்பாவைத் திறந்தாள். தட்டிப் பார்த்தாள்.

“உப்பு நெறைஞ்சிருக்குது,” என்றாள், யாருக்கும் இல்லாமல்.

அவள் வேண்டுமென்று சொன்னாளோ, வாய்ப் பழக்கத்தில் வந்ததோ, அவளுக்குத்தான் வெளிச்சம். சாப்பிட உட்கார்ந்தவர்களில் கொளஞ்சிதான் முதலில் எழுந்தான். மண் பாதையில் வேகமாக இறங்கினான். எங்கே போகிறான் என்று யாரோ கேட்டார்கள். கண்ணகி அவித்த கிழங்கை ஊதி ஊதித் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. கையில் இரண்டு பொட்டலம் உப்பு. இருசம்மாள் ஒன்றைப் பிரித்தாள். ஒன்று போதுமே மாப்ளே என்றாள். வார்த்தையில் ஒன்றும் இல்லை. குரலில் காலையில் இருந்த முள் கொஞ்சம் மழுங்கியிருந்தது.

கண்ணகி தையல் இலையில் கிழங்கை வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் கையைப் பார்த்தாள். கொப்புளம் உடைந்திருந்தது. மிளகாய்ச் சட்னியைத் தனியாக ஓரத்தில் வைத்தாள், கையில் பட்டால் எரியும் என்று. சொல்லவில்லை. வைத்தாள்.

சாப்பிட்ட பிறகு அம்மாசி சம்பந்தியிடம் கொஞ்ச நேரம் பேசினார். தன் மகன் மேல் தப்பு என்று ஒப்புக்கொண்டார். அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, கோட்டுக் காய்ச்சல், இறங்கிவிடும் என்றார். இருசம்மாள், தான் போகச் சொன்னதும் இல்லை, இருக்கச் சொன்னதும் இல்லை என்றாள். வேனுக்குப் பேர் கொடுத்தது மகள்தான். கம்பெனியில் எட்டு மணி நேரம் தையல் மிஷின் சத்தம். ஆனால் யாரும் கூப்பிட்டு வைத்து உன்னைத் திருத்துகிறேன் என்று சொல்ல மாட்டார்கள் என்று கண்ணகி சொன்னாளாம். அதைக் கேட்டு அம்மாசிக்கு என்னவோ போல் இருந்தது. தான் முப்பது வருஷமாக மேஸ்திரிகளிடம் வாங்கின ஏச்சில்கூட அந்த வருத்தம் வந்ததில்லை. அவர்கள் வேலையைத்தான் ஏசினார்கள்.

*

மலையிலிருந்து கடைசியாக இறங்குகிற பஸ் வெயில் சாய்கிற நேரத்துக்கு வரும். கண்ணகியும் இருசம்மாளும் ரோடு வரைக்கும் கூட வந்தார்கள். கண்ணகி கையில் பை இல்லை. அம்மாசி அதை முதலிலேயே பார்த்துவிட்டார். பார்த்தும் நடந்துகொண்டே வந்தார்.

அம்மாசிக்கு ஒரு சாக்கில் கொஞ்சம் கிழங்கு கட்டிக் கொடுத்தாள் இருசம்மாள். மேகம் மலை மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அருவி பார்க்க வந்த ஒரு குடும்பம் அதே பஸ்ஸுக்காகப் போர்த்திக்கொண்டு நின்றது.

பஸ் வந்தது. அந்தக் குடும்பம் ஏறியது. அம்மாசி சாக்கைத் தூக்கிப் படிக்கட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார். இனிமேலும் சுற்றி வளைக்க நேரம் இல்லை.

“இன்னாம்மா சொல்ற? வரியா?”

கண்ணகி குனிந்து முழங்கையில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தேய்த்தாள்.

“மனசு நெறைஞ்சிருக்குது மாமா,” என்றாள்.

கண்டக்டருக்கு அது நல்ல வார்த்தையாகக் கேட்டது. அதான் மனசு நிறைஞ்சிருக்குன்னு சொல்லுதே பொண்ணு, அப்புறம் என்ன, ஏத்துங்க, நேரமாகிறது என்றார். அருவி பார்த்துவிட்டு வந்த அம்மாள்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள்.

அம்மாசி அசையவில்லை. இருசம்மாள் அசையவில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர்கள் இருவருக்கும் தெரியும். பானையின் அடியில் விரல் தட்டுகிற சத்தம் அது.

அம்மாசி மகனைப் பார்த்தார். அவன் ஏற்கெனவே ஒரு காலைப் படிக்கட்டில் வைத்திருந்தான். இந்த நேரத்தில் இவன் வெரிகுட் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. சொல்லிவிடாதேடா என்று வாய்க்குள் வேண்டிக்கொண்டார்.

கொளஞ்சி காலைக் கீழே வைத்தான்.

“எவ்ளோ வாங்கியாரணும்?” என்றான்.

கண்ணகி நிமிர்ந்தாள். அவனை நேராகப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. விழவில்லை.

“ஒரு நடையில தூக்கியார்ற சரக்கு இல்ல அது.”

“சரி,” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கண்டக்டர் விசில் ஊதினார். ஏறுகிற ஆள் ஏறு, இல்லையென்றால் விடு என்று சத்தம் போட்டார். கொளஞ்சி பஸ்ஸை விட்டு இரண்டு அடி தள்ளிப்போய் நின்றான்.

அம்மாசி தனியாக ஏறினார். பஸ் நகர்ந்த பிறகு பின் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். இருசம்மாளோடு கண்ணகி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். கொளஞ்சி பின்னால் போய்க்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு லாரி போகிற அகலம் இடம் இருந்தது. அடுத்த வளைவில் மேகம் மூடிக்கொண்டது.

*

விளக்கு வைத்த பிறகு அம்மாசி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பூமாலை கைகால் கழுவத் தண்ணீர் எடுத்துவைத்திருந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். கிழங்குச் சாக்குத்தான் வந்தது.

ஒருத்தியை அழைத்துவரப் போய் ஒருத்தனை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்று படி வந்த இடத்தில் அவள் சிரித்தாள். உப்பு வந்த இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். மனசு நெறைஞ்சிருக்குது என்று மருமகள் சொன்னதைச் சொன்னபோது, பூமாலை முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“அதுக்கு இவன் இன்னா சொன்னான்?”

சொன்னார். அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு, காலையில் வேன் வருமே, அவள் ஏறுகிறாளா இறங்குகிறாளா, அவனுக்குப் போனைப் போட்டுக் கேளுங்கள் என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் போனில் போடச் சொன்னாள்.

அம்மாசியின் சட்டைப் பைக்குள் மணி அடித்தது.

மகன் போனைக் காட்டில் வாங்கிப் போட்டுக்கொண்டதை அவர் மறந்தே போயிருந்தார். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். இருசம்மாளின் போனுக்கு அந்த மலையில் டவர் கிடைக்காது. ஆள் வந்து சொன்னால்தான் சேதி.

பூமாலை எழுந்து பானையைத் திறந்தாள். உள்ளே கையை விட்டுத் துழாவினாள். மூடினாள்.

“அரிசி நெறைஞ்சிருக்குது,” என்றாள். “நாளைக்கி எத்தினி பேருக்கு ஒல வெக்கறதுன்னு தெரியல. ரெண்டு பேருக்குப் போதுமா?”

அம்மாசி எழுந்தார். நாள் பூராவும் அலைந்ததில் முட்டி வலித்தது. கதவுக்குப் பக்கத்தில், சிவப்பு எழுத்து அட்டைக்குக் கீழே ஆணியில் பை தொங்கியது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி கடையில் இன்னும் விளக்கு எரிந்தது.

“நாலு பேருக்கே வாங்கியாரேன்,” என்றார்.